கொக்குக்கு எட்டாத இடம்

நவம்பர் 4, செவ்வாய்

இந்த நோட்டு உங்கள் கையில் இருக்கிறது என்றால் நீங்கள் குனிந்திருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் அம்மா இல்லை. அந்த மட்டில் நிம்மதி. மற்றபடி நீங்கள் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவாக இருந்தால் இந்த வரியோடு மூடி வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவவும். எல்சியாக இருந்தால் நாம் இனிமேல் தோழிகள் இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது எதையாவது ஒளிக்க வேண்டுமானால் பூட்டும் சாவியும் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே வைத்தால் போதும். இன்றோடு மூன்று வாரம் ஆகிறது, அம்மாவின் முதுகைத் திறந்து மூடி. சின்ன வயதிலிருந்தே பக்கவாட்டில் வளைந்துகொண்டே போன முதுகெலும்பு. நாற்பத்துநான்கு வயதில் வலி தாங்க முடியாமல் போய், டாக்டர்கள் அதை நிமிர்த்தி இரண்டு கம்பிகள் வைத்து இருபத்திரண்டு திருகாணிகள் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குக் குனியக் கூடாது. உடம்பை முறுக்கித் திரும்பக் கூடாது. இரண்டு பால் பாக்கெட்டுக்கு மேல் தூக்கக் கூடாது.

“இருபத்திரெண்டா?” என்றார் அப்பா ஆஸ்பத்திரியில். “நம்ம புத்தக அலமாரிக்கே பதினாறுதான் போட்டேன்.”

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “அதான் அது சாஞ்சு நிக்குது.”

அதைக் கேட்ட பிறகுதான் அம்மா பிழைத்துவிட்டாள் என்று நான் நம்பினேன்.

நான்கு சென்டிமீட்டர் உயரமாகி வீட்டுக்கு வந்தாள். முன்கூடத்தில் நிற்க வைத்து அப்பா மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு நெட்டையான பெண்ணை நான் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லையே என்றார். ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்கள் இரண்டும் இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கின்றன. முந்தையதற்கு அப்பா வைத்த பெயர் ‘ஏரிக்கரை வீட்டுக்குப் போற ரோடு’. பிந்தையது ‘நெடுஞ்சாலை’.

கீழே விழுந்த பொருளை எடுக்க அம்மாவுக்கு ஒரு நீள இடுக்கி கொடுத்திருக்கிறார்கள். பிடியை அழுத்தினால் நுனியில் அலகு மூடிக்கொள்ளும். அதற்குப் பெயர் கொக்கு. அது அம்மா வைத்தது.

எல்லாமே சிரிப்பாகத்தான் இருக்கிறது. பகலில்.


நவம்பர் 5, புதன்

நேற்று எழுதாமல் விட்டது: என் முதுகும் வளைந்திருக்கிறது.


நவம்பர் 8, சனி

சரி. எழுதிவிட்டேன், இனி காகிதத்திடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் கட்டடத்தின் பொதுச் சவுனா, அதாவது நீராவிக் குளியலறை, கீழ்த்தளத்தில் இருக்கிறது. சனிக்கிழமை ஆறிலிருந்து ஏழு வரை எங்கள் முறை. நான் பிறந்ததிலிருந்து அம்மாவும் நானும் முதலில், அப்பா கடைசியில். அடுப்பில் காயும் கற்கள் மேல் தண்ணீர் ஊற்றி, மேல் பலகையில் ஆவியில் உட்கார்ந்து, பிறகு அம்மா எனக்கு முதுகு தேய்த்துவிடுவாள், நான் அவளுக்கு. மே மாதத்துக்குப் பிறகு வலியில் அம்மாவால் மேல் பலகைக்கு ஏற முடியவில்லை, கீழே வருவதையே நிறுத்திவிட்டாள். நான் தனியாகப் போனேன். இந்த வருஷம் நான் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறேன். என் முதுகை யாருமே பார்க்கவில்லை. நானும்தான். தன் முதுகைத் தானே பார்க்க ஆந்தையாகப் பிறந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் முன்னால் எல்சியைக் கூட்டிப்போனேன். வாளியில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தபோது அவள், “அப்படியே இரு,” என்றாள். “உன் வலது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. ஒரு பக்கம் மட்டும் பொங்கின ரொட்டி மாதிரி.”

நான் நம்பவில்லை. எல்சி விஞ்ஞானி ஆகப்போகிறவள். சோப்பை எடுத்து என் முதுகு நடுவில் வைத்தாள். அது இடது பக்கமாக வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி இடது. சோப்பில்தான் கோளாறு என்றேன். சோப்பைத் திருப்பி வைத்தாள். இடது.

வீட்டில் பென்சிலை வைத்துப் பார்த்தேன். பென்சிலும் இடது.

உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டியதுதானே? சொல்லலாம். ஆனால் ஆப்பரேஷன் முடிந்த இரண்டாம் நாள், வலி மருந்து மயக்கத்தில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பது அவளுக்குத் தெரியாது.

“கெர்த்துவுக்கு மட்டும் இது வரலை, இல்க்கா. அது போதும் எனக்கு. அவளுக்கும் வந்திருந்தா என்னால தாங்கவே முடியாது.”

இல்க்கா என் அப்பா. கெர்த்து நான்தான்.


நவம்பர் 12, புதன்

இன்று சமையலறையில் ஒரு உருளைக்கிழங்குக்கும் அம்மாவுக்கும் யுத்தம்.

அம்மா நின்றபடியே தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஒன்று கை நழுவி உருண்டு மேசைக்கு அடியில் போய் நின்றது. நான் எழுந்தேன். “உக்காரு,” என்றாள். அப்பா எழுந்தார். “நீயும் உக்காரு.” கொக்கை எடுத்து வந்தாள். அலகால் கவ்வுவாள், ஈரத்தில் கிழங்கு பிதுங்கி ஓடும். முதுகு பலகை மாதிரி விறைப்பு, தலை மட்டும் நிமிர்ந்து, கண்கள் கீழே. ராணி சேவகனைப் பார்ப்பது போல அந்தக் கிழங்கைப் பார்த்தாள். அப்பா மெதுவாகப் பந்தய வர்ணனை ஆரம்பித்தார். அதற்கு ஒரு முறை கொக்கு அப்பாவின் காதைக் கவ்வியது.

பன்னிரண்டாவது நிமிடம் அம்மா ஜெயித்தாள். தூக்கிக் காட்டினாள். நாங்கள் கை தட்டினோம். அந்தக் கிழங்கை மட்டும் தனியாக வேகவைத்து அவள் தட்டில் வைத்தார் அப்பா.

சாப்பிட்ட பிறகு படுக்கப் போனாள். இப்போது படுப்பதென்றால் மரக்கட்டையை உருட்டுவது மாதிரி, தோளும் இடுப்பும் ஒரே சமயத்தில் திரும்ப வேண்டும். நான் போர்வை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு உருளைக்கிழங்குக்கே இவ்வளவு மூச்சு வாங்கினால் நான் எப்போது வேலைக்குப் போவது என்றாள். அம்மா தபால் வண்டி ஓட்டுகிறவள். நான் போர்வையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கும் இருபத்திரண்டு போடுவார்களா? நான் அம்மாவைவிடச் சின்ன உடம்பு. பதினெட்டு போதுமா?


நவம்பர் 13, வியாழன்

பட்டாணி சூப். பென்சில் இடது.


நவம்பர் 19, புதன்

மாட்டிக்கொண்டேன், பிறகு தப்பித்தேன். எதைப் பற்றிப் பெருமைப்படுவது என்று தெரியவில்லை.

எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் பெரிய மருத்துவப் பரிசோதனை உண்டு. உயரம், எடை, காது, கண், தூக்கம், மனசு — கூடவே முதுகு. “குனி, கை ரெண்டையும் சேத்துத் தொங்க விடு.” பெற்றவர்களையும் கூப்பிடுவார்கள். பள்ளி நர்ஸ் ரித்வா டிசம்பர் முதல் வாரத்தில் நாள் குறித்து வைத்திருந்தார்.

அம்மாவுக்கு ஆப்பரேஷன் ஆகியிருக்கிறது, வர முடியாது, அம்மா இல்லாமல் எனக்கு வர விருப்பமில்லை என்றேன். முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டேன். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

ரித்வா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “உங்க அம்மாவுக்கு என்ன ஆப்பரேஷன்?”

“முழங்கால்,” என்றேன்.

ஏன் முழங்கால்? நானே திகைத்தேன். முதுகு என்று சொல்லியிருந்தால் அங்கேயே குனியச் சொல்லியிருப்பார். பாவம் என்றார் ரித்வா, ஜனவரிக்குத் தள்ளி வைத்தார், பெற்றவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்று கொடுத்தார். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ‘குடும்பத்தில் யாருக்காவது எலும்பு, மூட்டு, முதுகெலும்பு சம்பந்தமான நோய் உண்டா’ என்று ஒரு கேள்வி.

படிவம் இப்போது கட்டிலுக்கு அடியில், இந்த நோட்டுக்குள். பள்ளிக்கூடத்துச் செய்திகள் போனிலும் வரும். ஆனால் அம்மா படுத்ததிலிருந்து அதெல்லாம் அப்பாவின் பொறுப்பு. அப்பாவின் போனில் படிக்காத செய்திகள் எழுபத்தொன்று. என் அதிர்ஷ்டம் சோம்பேறித்தனத்தின் மேல் கட்டப்பட்டது.


நவம்பர் 20, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முழங்காலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.


நவம்பர் 27, வியாழன்

பேராபத்து. கொக்கு தேறிவிட்டது.

அப்பா தன் சாக்லேட்டைச் சமையலறையில் ஆகக் கீழே, பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அவரும் என்னைப் போலத்தான் யோசித்திருக்கிறார். இன்று அவர் வேலையிலிருந்து வந்தபோது அம்மா சோபாவில் மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தாள். சட்டி எதுவும் அசையவில்லை, சத்தமில்லை, தடயமில்லை.

“அது எப்படி எட்டுச்சு உனக்கு?” என்று அப்பா கேட்டார்.

“வேற வேலை என்ன எனக்கு? நாள் பூரா பயிற்சிதான். கட்டிலுக்கு அடியில கிடக்கிற காசைக்கூட எடுப்பேன் இப்ப.”

கட்டிலுக்கு அடியில்.

நோட்டு இப்போது என் பனிச்சறுக்கு பூட்ஸுக்குள், அலமாரியின் உச்சியில் இருக்கிறது. ஆனால் அம்மா நான்கு சென்டிமீட்டர் வளர்ந்தும் விட்டாளே. கீழேயும் வருகிறாள், மேலேயும் வருகிறாள். ஒரு மனுஷி எங்கேதான் ரகசியத்தை வைப்பது?


டிசம்பர் 2, செவ்வாய்

மாடிப்படிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் கிறிஸ்துமஸ் சவுனா பட்டியல் ஒட்டிவிட்டார்கள். டிசம்பர் 24, காலை பத்திலிருந்து ராத்திரி எட்டு வரை, வீட்டுக்கு ஒரு மணி நேரம். நூல் கட்டித் தொங்கும் பென்சிலால் பெயர் எழுத வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பட்டியல் ஒட்டிய அரை மணியில் நான்கு மணி முறையைப் பிடிக்கக் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்கும். இந்த வருஷம் அப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பிடித்துவிட்டார்.

அம்மாவின் காயம் ஒரு முனையில் ஆறத் தாமதமானதால் இதுவரை சவுனா கூடாது. 17ஆம் தேதி டாக்டர் பார்த்துச் சொல்வார். அப்பா மேல் பலகைக்கு ஏற இப்போதே ஒரு கைப்பிடி செய்துகொண்டிருக்கிறார். எத்தனை திருகாணி என்று அம்மா கேட்டாள். எட்டு என்றார். “பத்தா போடு,” என்றாள்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, முழு உடம்பையும் சேர்த்துத் திரும்பி, சொன்னாள்: “பரிசெல்லாம் ஒண்ணும் வேண்டாம் எனக்கு. நானும் கெர்த்துவும் மேல உக்காந்து ஒரு கரண்டித் தண்ணி ஊத்தணும். ஏழு மாசமாச்சு.”

ஏழு மாசமா அம்மா என் முதுகைத் தேய்க்கல. இனிமே தேய்ச்சா கைக்கே தெரிஞ்சிடும்.


டிசம்பர் 4, வியாழன்

நான் ஒரு குற்றம் செய்துவிட்டேன்.

பள்ளியிலிருந்து வரும்போது மாடிப்படியில் யாரும் இல்லை. என் பையில் அழிப்பான் இருந்தது. நான்கு மணிக்கு எதிரே இருந்த எங்கள் பெயரை அழித்தேன். வெற்றிடம் விட்டால் சந்தேகம் வரும், அதனால் வேறு பெயர் எழுத வேண்டும். பட்டியலில் இன்னும் பெயர் வராதவர் யார் என்று பார்த்தேன். மூன்றாம் மாடி லெபிஸ்தோ. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், பத்து வருஷத்தில் அவர் பேசி நான் கேட்டது ‘ம்’ மட்டும்தான். அவர் பெயரை எழுதினேன். என் கை ஆடியதில் வயதானவர் கையெழுத்து மாதிரியே அமைந்தது.

மற்ற முறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் சவுனா இல்லை.

கொலை செய்தவர்களைக்கூட மன்னிப்பார்கள். இதை மன்னிப்பார்களா?


டிசம்பர் 5, வெள்ளி

அப்பா குப்பை கொட்டப் போய்விட்டு முகம் வெளுத்து வந்தார். “நம்ம பேரைக் காணோம்.”

அம்மா, “என்னது காணோம்?” என்றாள்.

“நாலு மணிக்கு லெபிஸ்தோ பேர் இருக்கு. நான் எழுதினேன், சைலா. என் கையால எழுதினேன்.”

மேல்மாடியிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார், அவர் பின்னால் இன்னொருவர். என் ஞாபகத்தில் எங்கள் முன்கூடத்தில் இத்தனை பேர் நின்றதே இல்லை. கட்டடம் கட்டி நாற்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லையாம். லெபிஸ்தோவா, அந்த மனுஷனா என்று ஆளுக்கு ஆள் தலையை ஆட்டினார்கள். யாரும் போய் அவரைக் கேட்கத் தயாராக இல்லை. பத்து வருஷம் பேசாத ஆளிடம் போய் முதல் பேச்சாக இதையா கேட்பது?

நான் என் அறையில் கணக்குப் பாடம் படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். புத்தகம் தலைகீழாக இருந்தது.


டிசம்பர் 6, சனி

சுதந்திர தினம். ஆறு மணிக்கு ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். எதிர்க் கட்டடத்திலும் எல்லா ஜன்னலிலும் இரண்டிரண்டு. பின்லாந்து முழுவதும் இந்த நேரத்தில் நல்லவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள், நான் மட்டும் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

லெபிஸ்தோ. கோட்டு, டை, கையில் தொப்பி.

“பட்டியல்ல என் பேர் இருக்கு,” என்றார். “நான் எழுதலை.”

அப்பா, காபி சாப்பிடுறீங்களா என்றார்.

“வேண்டாம். இருபத்தி மூணாம் தேதி நான் என் மகள் வீட்டுக்குப் போறேன். இங்க இருக்கவே மாட்டேன். எனக்கு எதுக்கு சவுனா?” மூச்சு விட்டுக்கொண்டார். வருஷத்துக்கு வைத்திருந்த பேச்செல்லாம் செலவாகிக்கொண்டிருந்தது. “அழிச்சுட்டு உங்க பேரைத் திரும்ப எழுதிட்டேன். பேனாவால.”

போகும்போது என்னைப் பார்த்தார். பஸ்ஸில் சீட்டு வாங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கண்ணாடியில் பார்ப்பார்களே, அப்படி. ‘ம்’ என்றார்.

இந்தக் கட்டடத்தில் பதினெட்டு வீடு. அதில் ஊரிலேயே இருக்கப்போகாத ஒரே ஆளைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறேன்.


டிசம்பர் 7, ஞாயிறு

அம்மா நடைப்பயிற்சிக்குக் கீழே போனவள் அறிவிப்புப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றாள். பேனா எழுத்துக்கு அடியில் இரண்டு தடவை அழித்த தடம் இருக்கிறது. புதிய உயரத்துக்கு அந்த வரி சரியாகக் கண்ணுக்கு நேரே வருகிறது.

கூடப் போன நான் அவள் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “குளிருதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப ஏன் நடுங்குற?” என்றாள்.


டிசம்பர் 11, வியாழன்

எல்சி ஒரு மருத்துவப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். வளர்கிற வயதில் சீக்கிரம் கண்டுபிடித்தால் முதுகைச் சுற்றி ஒரு பட்டைக் கவசம் போட்டு வளைவு கூடாமல் பார்த்துக்கொள்ளலாமாம், நிறையப் பேருக்கு ஆப்பரேஷனே வேண்டியிருக்காதாம். வளர்ந்து முடிந்த பிறகு கவசத்தால் பெரிய பலன் இல்லையாம்.

“நீ ஜனவரி வரைக்கும் தள்ளி வெச்சிருக்க,” என்றாள். “அப்பவும் ஏதாவது முழங்கால் கதை சொல்லுவ. உன் முதுகு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?”

அவளிடம் பதினோரு நாள் பேசப்போவதில்லை என்று முடிவு செய்தேன். நாற்பது நிமிடம் தாங்கியது.


டிசம்பர் 17, புதன்

டாக்டர் சரி என்றுவிட்டார். மெல்லிய சூடு, கால் மணி நேரம், ஏறும்போது இறங்கும்போது கைப்பிடி.

அம்மா போனில் சொன்னபோது அவள் குரலே பாடுவது மாதிரி இருந்தது. நான் “ரொம்ப சந்தோஷம்மா,” என்றேன். காலையிலிருந்து எனக்குள் ஒருத்தி, ‘கூடாதுன்னு சொல்லணும், கூடாதுன்னு சொல்லணும்’ என்று வேண்டிக்கொண்டே இருந்தாள். என் சொந்த அம்மாவோட காயம் ஆறக் கூடாதுன்னு வேண்டியிருக்கேன். நான் என்ன மாதிரி பொண்ணு?


டிசம்பர் 18, வியாழன்

பென்சில் இடது. முன்பைவிட வேகமாக உருளுகிறதா? அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?


டிசம்பர் 23, செவ்வாய்

திட்டம் தயார். பெரிய துண்டைக் கழுத்து வரைக்கும் சுற்றிக்கொள்வேன். முதல் ஆளாக ஏறி மேல் பலகையின் மூலையில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடுவேன். அம்மாவால் உடம்பைத் திருப்ப முடியாது. அவள் எனக்கு முன்னால் இறங்க வேண்டும், அதற்குக் கைப்பிடி இருக்கிறது. முதுகு தேய்க்கிறேன் என்றால் காலையிலேயே குளித்துவிட்டேன் என்பேன். கால் மணி நேரம்தான். யாராலும் கால் மணி நேரம் தாங்க முடியும்.

காலையில் லெபிஸ்தோ பெட்டியோடு போனதைப் பார்த்தேன். தொப்பியை லேசாகத் தூக்கினார்.


டிசம்பர் 24, புதன்

நான்கு மணிக்கே வெளியே கும்மிருட்டு. கீழே மூன்று பேரும் போனோம். அப்பா கதவருகே நின்று ஒரு படி, இரண்டு படி என்று எண்ணினார். கைப்பிடியில் பத்துத் திருகாணிகள், நானே எண்ணினேன். அம்மா ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா சத்தமில்லாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் அதற்குள் மூலையில். துண்டு, சுவர், எல்லாம் திட்டப்படி.

திட்டத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். மேல் பலகை மூலைதான் சவுனாவிலேயே ஆகச் சூடான இடம். கழுத்து வரை கனமான துண்டு வேறு. மெல்லிய சூடு என்று சொல்லித்தான் போட்டிருந்தார்கள், ஆனாலும் என் காதுகள் வெந்துகொண்டிருந்தன.

அம்மா ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாள். கற்கள் பெருமூச்சு விட்டன. “ஏழு மாசம்,” என்றாள், என்னிடம் இல்லை, அடுப்பிடம்.

கொஞ்ச நேரம் கழித்து, முதுகைத் தேய்த்துவிடு, இன்னும் எனக்குக் கை எட்டாது என்றாள். நான் அவள் பின்னால் முழங்காலில் நின்றேன். அந்தத் தழும்பை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் முறை. கழுத்துக்குக் கீழேயிருந்து இடுப்பு வரை, ஜிப் போட்டது மாதிரி. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இளஞ்சிவப்பாக, புதிதாக, யாரோ கவனமாகச் செய்த வேலை மாதிரி இருந்தது. பக்கங்களில் மட்டும் நுரை வைத்துத் தேய்த்தேன். “அங்க எதுவும் தெரியல எனக்கு,” என்றாள் ஓரிடத்தில். “மரத்துப் போச்சு. ரொட்டியைத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சுக்கோ.” ரொட்டி என்றதும் எனக்கு எல்சி ஞாபகம் வந்தது.

தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மறுபடி மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டேன்.

அம்மா திரும்பவில்லை. திரும்ப முடியாது. அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். அதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாது.

“எந்த சவுனாவிலயும் அந்த மூலை இருக்கும் கெர்த்து. பதிமூணு வயசுல ஒரு வருஷம் பூரா நான் அங்கதான் உக்காந்தேன். முதுகைச் சுவத்துல ஒட்டிக்கிட்டு. இந்தப் பொண்ணுக்கு சூடுன்னா உசுருன்னு எங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.”

“உனக்குச் சூடு பிடிச்சுதா?” என்றேன்.

“எங்க பிடிச்சுது? கருகிப் போனேன்.”

நான் சிரித்துவிட்டேன். என்னால் அடக்க முடியவில்லை. அம்மாவும் சிரித்தாள், தோள் குலுங்கியது, வலித்திருக்க வேண்டும், ஆ என்றாள், மறுபடி சிரித்தாள்.

பிறகு இன்னொரு கரண்டி ஊற்றினாள். “கடைசில ஒரு நர்ஸ் கண்டுபிடிச்சப்ப எனக்குப் பதினேழு வயசு. வளர்ந்து முடிஞ்சுடுச்சு. அந்த மூலையில உக்காந்த நேரத்துக்குத்தான் இந்தக் கம்பியெல்லாம்னு சில சமயம் தோணும்.” ஆவி அடங்கும் வரை பொறுத்தாள். “இன்னொண்ணு. ஆஸ்பத்திரியில மருந்து மயக்கத்துல நான் என்னென்னமோ உளறினேனாம். உங்க அப்பா சொன்னார். திரைக்குக் கீழ உன் காலணி தெரிஞ்சுதாம். அதையெல்லாம் கணக்குல சேக்காத. ஒரு உருளைக்கிழங்கையே பிடிச்சவ நான். எதையும் தாங்குவேன்.”

அவ்வளவுதான். என்னைத் திரும்பு என்று சொல்லவில்லை. காட்டு என்று சொல்லவில்லை. கால் மணி ஆனதும் அப்பாவைக் கூப்பிட்டாள், கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். நான் கடைசியாக இறங்கினேன். இடுப்பு வரை வேர்வையா கண்ணீரா என்று தெரியாமல் நனைந்திருந்தேன். சவுனாவில் அது ஒரு வசதி.

ராத்திரி கிறிஸ்துமஸ் அரிசிக் கஞ்சியில் ஒரே ஒரு பாதாம் போட்டிருந்தது. அது வந்தவருக்கு அதிர்ஷ்டம். அம்மாவுக்கு வந்தது. அவள் கொக்கை எடுத்து, அலகால் அதைக் கவ்வி, மேசை முழுக்கத் தாண்டி, என் கிண்ணத்தில் போட்டாள். அப்பா கை தட்டினார். நான் அதை மெல்லாமல் வெகுநேரம் வாயில் வைத்திருந்தேன்.

இப்போது மணி பத்து. அப்பா குறட்டை. அம்மா நடைக்கூடத்தில் தன் ராத்திரி நடையை நடக்கிறாள். பதினான்கு எட்டு, திரும்புதல், பதினான்கு எட்டு. என் கதவருகில்தான் திரும்புவாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். அழித்த தடத்தை அன்றைக்கே பார்த்துவிட்டாள். பதினேழு நாள் எதுவும் கேட்காமல், நானாக வருவேன் என்று காத்திருந்திருக்கிறாள். நானோ மூலைக்குப் போனேன்.

ரித்வா கொடுத்த படிவத்தை எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். மடித்து மடித்து நைந்துவிட்டது. மூன்றாம் பக்கத்துக் கேள்விக்கு எதிரே இரண்டு கட்டங்கள். ‘உண்டு’ என்ற கட்டத்தில் நானே குறி போட்டுவிட்டேன். முழங்கால் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அதுதான் கஷ்டம், சிரித்து அவளுக்குத் திருகாணி கழன்றுவிடும்.

பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு.

திரும்பவில்லை. நிற்கிறாள்.

டொக். டொக்.

விரல் இல்லை. கொக்கு. அலகால் கொத்துகிறது.

கதவு பூட்டியில்லை. கையெழுத்துப் போட இந்த அறையில் வேறு பேனா கிடையாது, இதைத்தான் அம்மாவிடம் கொடுக்க